ராஜாவுக்கு வெயில் ஆகாது

பொத்திவைப்பாளர் என்று ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டிவி ரிமோட்டை அது வந்த பாலிதீன் உறையோடே அமுக்கிக்கொண்டு, பட்டன் வேலை செய்யவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுபவர். புது சோபாவுக்கு உறை போட்டு, உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் துண்டு விரித்து, கடைசியில் துண்டு கசங்குகிறதே என்று தரையில் உட்காருபவர். மழை பிடித்துக்கொண்டால் புதுக் குடை நனைந்துவிடுமே என்று பழைய குடையைத் தேடுபவர். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர் ஆசை ஆசையாக வாங்குவார். வாங்கிய நிமிடத்திலிருந்து அந்தப் பொருளை உலகத்திடமிருந்து காப்பாற்றத் தொடங்குவார். உலகம் என்பதில் பெண்டாட்டியும் அடக்கம்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவர் என் குடும்பத்திலேயே இருக்கிறார். என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஒரு பொருள் எப்படியெல்லாம் சேதமாகும் என்று யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கையில் ஒரு ராஜா கிடைத்தார்.

ராஜா என்றால் படம். பாரசீகப் பாணியும் இந்தியப் பாணியும் கலந்து, உள்ளங்கை அகலத் தாளுக்குள் ஒரு தர்பாரையே அடக்கி அந்தக் காலத்து அரண்மனை ஓவியர்கள் வரைந்தார்களே, அந்த வகைச் சிற்றோவியம். பழம்பொருள் ஏலத்தில் எடுத்தார். எந்த ராஜா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பக்கவாட்டில் திரும்பிய முகம், தலைக்குப் பின்னால் பொன் வட்டம், கழுத்து நிறைய முத்து, மூக்குக்கு நேரே பிடித்த ஒரு ரோஜா. தாடியில் ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக இழுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. கேள்விதான், எங்கே பார்த்தோம்?

வெளிச்சம் பட்டால் பழைய வண்ணம் மங்கும் என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அது உண்மைதான். ஆனால் எதையும் அளவோடு எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது. அன்றைக்கே கூடத்து ஜன்னல் சாத்தப்பட்டு, மேலே ஒரு கறுப்புத் துணியும் தொங்கியது. ராஜா பருத்தித் துணிக்குள், துணி மரப்பெட்டிக்குள், பெட்டி அலமாரிக்குள். இத்தனைக்கும் உள்ளே இருப்பவருக்கு ஜன்னல் திறந்தால் என்ன, சாத்தினால் என்ன? அக்காவும் அதைத்தான் கேட்டார்.

அக்கா தையல்காரி. அந்த ஜன்னலோரத்தில்தான் அவருடைய மெஷின் இருக்கிறது.

"ஏங்க, ஊசியில நூல் கோக்க முடியல. கறுப்புத் துணியில தையல் எங்க போகுதுன்னே தெரியல. ஜன்னலைத் திறந்துக்கட்டுமா?"

"லைட்டைப் போட்டுக்கோ."

"லைட்டும் வெளிச்சம்தானேங்க?"

சகலை யோசித்தார். "அட, ஆமாம். அப்ப லைட்டையும் போடாதே."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. தையல் கோணல் என்று துணிகள் திரும்பி வந்தன. அக்காவுக்குத் தலைவலி வந்தது. அந்தக் கண்ணையும் அந்த மெஷினையும் நம்பித்தான் அவருடைய பிழைப்பு. கொஞ்ச நாளில் புகார் நின்றது. "பழகிட்டா, பாத்தீங்களா?" என்று சகலை என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் அவருடைய மேனேஜர் ராஜாவைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன். பொத்திவைப்பாளருக்குக் காட்டுவதிலும் ஆசை உண்டு, காட்டாமலிருப்பதிலும் ஆசை உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரிந்திருப்பதே அவருடைய திறமை. பெட்டி வந்தது. துணி விலகியது. மேனேஜர் வாயில் கைக்குட்டை கட்டப்பட்டது.

"கிட்ட வாங்க சார். மூச்சு விடாதீங்க. ஈரம் ஆகாது."

மேனேஜர் குனிந்தார். இருட்டுக்குள் கொஞ்சம் கூடுதலான இருட்டு தெரிந்திருக்கும். "பிரமாதம்!" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"ரோஜாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

"தாடி?"

"அடேயப்பா!"

இந்தச் சமயத்தில் மெஷின் பக்கமிருந்து அக்கா சொன்னார்: "ஏங்க, பின்னாடி சாமரம் வீசுறவன் கொட்டாவி விடுறானே, அதைச் சாருக்குக் காட்டலையா?"

சகலை நிமிர்ந்தார். "எந்தக் கொட்டாவி?"

"ராஜாவுக்குப் பின்னாடி ஒல்லியா ஒருத்தன் நிக்கிறான்ல, அவன்தான். உள்ள பல்லுகூடத் தெரியும். பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறானோ."

"நீ எப்பப் பாத்தே?"

"தினமும்தான். நீங்க ஆபீஸ் போனதும் ஜன்னலைத் திறந்துடுவேன். இவரையும் எடுத்து நூல் டப்பா மேல சாய்ச்சு வச்சுக்குவேன். ராஜாவா இருந்தும் இவர் ஒரு நாள்கூட அதைத் தொடாதே, இதைத் திறக்காதேன்னு சொன்னதில்ல."

மேனேஜர் சிரித்த சிரிப்பில் கைக்குட்டை அவிழ்ந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சு முழுவதும் ராஜாவின் மேல் போய் விழுந்தது. சகலை அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. "ஐயோ, வண்ணமெல்லாம் போயிருக்குமே!" என்றார்.

"போயிருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் பெட்டியின் மேல் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். என்னவென்று சொல்வார்? வண்ணம் மங்கியதா இல்லையா என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டாமா? ஏலத்தன்று பார்த்ததோடு சரி. அதுவும் எங்காவது கிழிந்திருக்கிறதா என்றுதான். அத்தனை ஆசைப்பட்டு வாங்கியவர், அந்த முகத்தை ஒருநாளும் ஆற அமரப் பார்க்கவில்லை. கோபமாக இருந்த எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

கடைசியில் சன்னமான குரலில் சொன்னார்: "ஏம்மா... அந்த ஜன்னலைக் கொஞ்சம் திற. கொட்டாவி எங்கேன்னு தெரியல."

அக்கா எழுந்து திறந்தார். வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை நேரமும் ராஜாவைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ராஜா வெயில் எட்டாத உள்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது, மெஷின் ஓடுகிறது. ஆள் மாறிவிட்டார் என்றா கேட்கிறீர்கள்? கழற்றிய கறுப்புத் துணியைத் துவைத்து, மடித்து, அந்துருண்டை போட்டு மரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார். யாரும் தொடக் கூடாதாம்.

நல்லவேளை, நாம் இந்த இனத்தில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள், இல்லையா? இந்தப் புத்தகத்தின் முதுகு மடங்கிவிடக் கூடாதென்று அதைப் பாதி மட்டும் விரித்து, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படிக்கிறீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றே இருக்கட்டும். உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், வாங்கிய நாள்முதல் அட்டைப்பெட்டியை விட்டு இறங்காத பீங்கான் கோப்பைகள் இருக்கின்றனவே, வீட்டிலிருப்பவர்களெல்லாம் நசுங்கிய டம்ளரில் குடித்துக்கொண்டிருக்கும்போது அவற்றை யாருக்காக எடுத்து வைத்திருக்கிறீர்கள்? எந்த மகாராஜா வரப்போகிறார்?