வேகமாகப் போய்த் தோற்றவன்

ப்ரூட்டன், இண்டியானா
செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்குப் பின்

அன்புள்ள மருமகள் மார்னிக்கு,

உன் வெண்டெல் மாமா எழுதுவது. இங்கே நானும் லுவெல்லா அத்தையும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அது வழக்கம்போல மழைக்கு இரண்டு நாள் முன்னாலேயே தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரிசோனாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பா ஹார்லனும் நலமாகத்தான் இருக்கிறான் என்று வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. நேற்று தன் டிராக்டரை யாருக்கோ விற்று அனுப்பிவிட்டு, அது போன பாதையையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் கவனிக்கவில்லை. தற்செயலாக அதே அரைமணி நேரம் ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை நம் பழைய ரேஸ் பாதை இருந்த இடத்தில் கல் நடுகிறார்களாம், ஜெயித்தவர்கள் பெயரையெல்லாம் அதில் வெட்டியிருக்கிறார்களாம், உன் அப்பா அந்தக் கல் பக்கத்தில் நிற்கும்போது நானும் அவனோடு நிற்க வேண்டுமாம், மறுநாள் நீ அவனை ஒரேயடியாக அரிசோனாவுக்குக் கூட்டிப்போவதால் இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடையாதாம். போதாததற்கு விழா மலருக்கு என் இனிய நினைவுகளை இரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டுமாம். எழுதித் தருகிறேன். நிற்கத்தான் வர மாட்டேன். ஏன் வர மாட்டேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன், மலரில் இதை அப்படியே போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ப்ரூட்டன் டிராக்வே என்று வாசலில் போர்டு இருந்தாலும் ஊரில் எல்லோரும் அதைக் 'கால் மைல்' என்றுதான் சொல்வோம், ஏனென்றால் அது அவ்வளவுதான். யுத்த காலத்தில் விமானம் இறங்கிய பழைய ஓடுபாதை. இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து கடைசியில் பச்சை விழும், நேராகக் கால் மைல் போக வேண்டும், திருப்பம் கிடையாது, பதினைந்து வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும், அந்தப் பதினைந்து வினாடிக்காக நாங்கள் வாரம் முழுக்க என்ஜினைப் பிரித்துப் பிரித்துக் கோத்தோம். சத்தம் தாங்கவில்லை என்று மெதடிஸ்ட் பாதிரியார் புகார் செய்ததால், ஞாயிறு பிரசங்கம் முடிந்த பிறகுதான் முதல் கார் கிளம்பலாம் என்று ஏற்பாடு. அவர் பிரசங்கத்தை நீட்டினால் கடைசி வரிசையில் இருபது பேர் சட்டைப்பைக்குள் சாவியைக் குலுக்குவோம். டயர் சூடாவதற்கு அதன் அடியில் ப்ளீச்சிங் தண்ணீரை ஊற்றிச் சுழற்றுவோம், புகை வெள்ளையாக எழும்பும், பார்க்க அவ்வளவு அழகு. அந்தத் தண்ணீர் எல்லாம் வீட்டில் துணி வெளுக்க வைத்திருந்தது. கால் மைல் இருந்த காலம் வரை ப்ரூட்டனில் வெள்ளைச் சட்டை என்று ஒன்று கிடையாது. ஒலிபெருக்கியில் வர்ணனை சொன்ன க்ளீட்டஸ் வாயில் எப்போதும் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச் இருக்கும், அவர் மென்று முடித்த பிறகுதான் யார் ஜெயித்தது என்று ஊருக்குத் தெரியும். ஒரு தடவை பக்கத்துப் பண்ணைப் பன்றி ஒன்று பாதையில் புகுந்து கிளம்பும் கோட்டிலிருந்து முடியும் கோடுவரை நேராக ஓடியது. ஒன்றரை நிமிடம் என்று க்ளீட்டஸ் அதையும் அறிவித்தார். அன்றைக்கு உன் அப்பாவின் சிவப்பு ஷெவி கார் கிளம்பவே மறுத்துவிட்டது, ஆகவே முறைப்படி பார்த்தால் பன்றிதான் அவனை ஜெயித்தது. அதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எழுது.

இப்போது விதியைச் சொல்கிறேன், கவனமாகப் படி, இதை உன் அத்தைக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன், அவள் 'ம்' என்று சொல்லிக்கொண்டே கேக் மாவைக் கிளறிக்கொண்டிருப்பாள். எல்லாக் காரும் ஒரே வேகம் இல்லை அல்லவா? அதனால் ஒவ்வொருவனும் தன் கார் கால் மைலை எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுத வேண்டும், வெள்ளை ஷூ பாலிஷால். மெதுவான காருக்கு அந்த வித்தியாச அளவுக்கு முன்னாலேயே பச்சை விழும். அப்படியானால் கள்ளத்தனமாக அதிக நேரத்தை எழுதிவிட்டு வேகமாக ஓட்டலாமே என்று கேட்பாய். முடியாது. எழுதியதைவிட ஒரு இம்மி வேகமாகப் போனாலும் நீ தோற்றாய். சொன்னதற்கு மேல் செய்தவனைத் தண்டிக்கிற விளையாட்டு வேறு எங்காவது உண்டா, எனக்குத் தெரியாது.

என் கார் பச்சை ப்ளிமத். அதற்குப் பின்பக்கம் கனமில்லை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே டிக்கியில் ஐம்பது பவுண்டு பன்றித் தீவன மூட்டை இரண்டை வைத்துக்கொண்டு ஓட்டுவேன். மூட்டையோடு ஓடினால் 13.40. வெயிலாக இருந்தாலும் 13.40, மேகமாக இருந்தாலும் 13.40. அந்த வருஷம், 1976, செப்டம்பர் முதல் ஞாயிறு, இறுதிப் போட்டிக்கு வந்தது இரண்டே பேர்: நானும் என் மச்சானும், அதாவது உன் அப்பாவும். நீ அப்போது இடுப்புக் குழந்தை. பரிசு, முழுப் பன்றியைப் படுக்க வைக்கக்கூடிய ஐஸ்பெட்டி. அதை ஒரு டிரெய்லரில் ஏற்றி ரிப்பன் கட்டிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். உன் அத்தை சர்ச் பெண்களோடு கேக் மேசையில் நின்றுகொண்டு காலையிலிருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் அப்பா கண்ணாடியில் 14.10. அவனுக்கு முதலில் பச்சை விழுந்தது, போனான். பிறகு எனக்கு விழுந்தது, போனேன் மார்னி, அப்படி ஒரு போக்கு, கார் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறதோ என்று நினைத்தேன். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவனைத் தாண்டினேன். கையைத் தூக்கிக்கொண்டே திரும்பி வந்தேன். க்ளீட்டஸ் மென்றுகொண்டிருந்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. விழுங்கினார். "வெண்டெல் 13.31! அடப்பாவி, வேகமாப் போயிட்டாரு! ஜெயிச்சது ஹார்லன்!"

டிக்கியைத் திறந்தேன். சிந்திய தீவனம் நாலு பருக்கை கிடந்தது. மூட்டை இல்லை. தேடிக்கொண்டு போனால், இரண்டும் உன் அப்பாவின் பிக்கப் வண்டி நிழலில் சக்கரத்தோடு சாய்த்து வைத்திருக்கிறது. நேரே அவனிடம் போனேன்.

"மூட்டைய எடுத்தது யாருடா?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், சிரித்தான். ஆமாம், சிரித்தான்!

"வண்டி நல்லாத்தான் ஓடுச்சு மச்சான், விடு."

விடு என்றான். நான் விடவில்லை. நாற்பத்தேழு வருஷமாக அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஐஸ்பெட்டி உங்கள் வீட்டுக்குப் போனது. ஊரில் எனக்கு 'வேகமாப் போய்த் தோத்தவன்' என்று பெயர் வந்தது, தபால்காரர்கூட அப்படித்தான் வழி கேட்டு வந்தார். உனக்கு ஆறு வயதில் ஒருநாள் எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு, "மாமா, எங்க வீட்டுல எப்பவும் ஐஸ்க்ரீம் இருக்கு, உங்க வீட்டுல ஏன் இல்ல?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பன்றிக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்: அது என் ஐஸ்க்ரீம்.

வருஷா வருஷம் நவம்பரில் வான்கோழி விருந்துக்கு ஒரே மேசையில் உட்காருவோம், உன் அத்தை நடுவில்.

"லுவெல்லா, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் தம்பிய."

"அக்கா, உப்பு அவரு முழங்கைக்குக் கீழதான் இருக்குன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கில்ல? நான் என்ன தபாலாபீஸா?"

ஒரு பனிக்காலத்தில் என் டிராக்டர் ஓடைக்கரையில் புதைந்துவிட்டது. அவன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்து வெளியே போட்டான், நான் நன்றி சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் அவன் வாசல் கேட்டருகே ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வைத்துவிட்டு வந்தேன். அவன் மூட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பி அனுப்பினான். கால் மைலை மூடி சோயா பயிரிட வந்தவர்கள் விளக்குக் கம்பத்தைச் சாய்த்த அன்று வேலியோரம் இருபது அடி தள்ளித் தள்ளி நின்றோம். கம்பம் விழுந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டோம். எனக்கு அந்த எரிச்சல் தீர ஒரு வாரம் ஆனது.

ப்ளிமத் இன்னும் இருக்கிறது. கோழிகள் குடியிருக்கின்றன, பின் இருக்கையில் முட்டை வைக்கின்றன. கண்ணாடியில் 13.40 அப்படியே இருக்கிறது. நாற்பத்தேழு வருஷமாக அந்த இடத்தை மட்டும் துடைக்க விட்டதில்லை.

ஆகவே மார்னி, வர மாட்டேன். எனக்கு ஐஸ்பெட்டி வேண்டாம், கல்லில் பெயர் வேண்டாம். 'நான்தான் எடுத்தேன் மச்சான்' என்று அவன் ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். தினமும் விடிவதற்குள் நான் எழுந்து ஜன்னலைப் பார்த்தால் அவன் அடுப்படி விளக்கு எரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எரியாது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். அவ்வளவு தூரம் காரில் வந்து அடுத்த வெள்ளிக்கிழமை சேர்கிறீர்கள், கிளம்பும் முன் டயரில் காற்றைப் பார், எண்ணெயைப் பார், எழுதி வைத்த வேகத்துக்கு மேல் போகாதே. உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. உன் அப்பாவுக்கு என் அன்பைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா,
வெண்டெல் க்ராபில்
(மூட்டையோடு 13.40)

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி உன் அத்தையிடம் கொடுத்தேன். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மூட்டைய இறக்குனது நான்தான்" என்றாள்.

"எந்த மூட்டை?" என்றேன். வேறு எந்த மூட்டை இருக்கிறது எனக்கு?

"பாரம் இல்லாட்டி வண்டி இன்னும் வேகமாப் போகும், நீங்க ஜெயிச்சிருவீங்கன்னு நெனச்சேங்க. அந்தப் பொட்டி நம்ம வீட்டுக்கு வரணும்னு அவ்வளவு ஆசை. இழுத்துட்டுப் போய் பக்கத்துல இருந்த வண்டி நிழல்ல சாச்சு வச்சேன், அது ஹார்லன் வண்டின்னுகூடப் பாக்கல. நீங்க வந்து, எடுத்தவன் கைய உடைப்பேன்னு கத்துனீங்க. என் கவுன் பூராத் தவிடு. ஹார்லன் பாத்தான், புரிஞ்சுக்கிட்டான், பேசாதேன்னு கண்ணைக் காட்டுனான். ஒரு வாரம் போகட்டும், உங்க கோபம் ஆறட்டும்னு இருந்தேன்."

"ஆறிச்சா?"

"அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஐஸ்பெட்டியைத் திருப்பித் தருகிறேன் என்று அவன் மூன்று தடவை கேட்டானாம். கொண்டுவந்தால் நான் ஏன் என்று கேட்பேன் என்பதால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

நாற்பத்தேழு வருஷக் கோபத்தை இந்த வயதில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுப்படிக்கு மாற்றுவது என்னால் ஆகாது, மதியச் சாப்பாடு வேறு இருக்கிறது. எழுந்து வேலிவரை போனேன். அவன் காலியான டிராக்டர் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனோடு பேசிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது அல்லவா?

"அன்னிக்கு வண்டி நல்லாத்தான் ஓடுச்சு இல்லடா?" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான். அதைக் கையில் வைத்து ஒரு தடவை திருப்பினான்.

"அக்கா சொல்லிட்டாளா மச்சான்?" என்றான்.

அதனால் மேலே எழுதியதில் பன்றி விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடு. சனிக்கிழமை அவன் பக்கத்தில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரரை நல்ல சாப்பாடு போட்டுக் கூட்டிவா, ஐஸ்பெட்டியை வேலிக்கு இந்தப் பக்கம் தூக்க ஆள் வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல முழங்கால்தான் இருக்கிறது.