மாப்பிள்ளையைக் காக்க வைத்த எண்

செங்கம் சாலை,
திருவண்ணாமலை.
ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள்

பண்பிலும் பொறுமையிலும் சிறந்த மாப்பிள்ளை திரு. பிரசாத் அவர்களின் மேலான கவனத்துக்கு, மாமியார் ரேணுகாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும், காவலர் பலராமனும், சமையல் ஜோதியம்மாளும், தீபாவளிக்கு வந்தபோது தாங்கள் நட்டுவிட்டுப் போன எலுமிச்சைக் கன்றும் நலம். அங்கே தாங்களும் பூஜாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கோபம் மட்டும் சற்று மெலிந்திருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டுகிறேன்.

சென்ற செவ்வாயன்று தாங்கள் அலுவலகத்திலிருந்து நமது ‘அருணை நிழல்’ விடுதியின் புதிய எண்ணுக்கு அழைத்ததும், அந்த எண் தங்களை வெகுநேரம் காக்க வைத்ததும், முடிவில் எடுத்துப் பேசிய ஜோதியம்மாள் கேட்கத் தகாததைக் கேட்டதும் பூஜா மூலம் அறிந்தேன். மாப்பிள்ளை வந்தால் வாசலுக்கே போய்ச் சொம்புத் தண்ணீர் கொடுத்து அழைப்பது நம் குடும்பத்து வழக்கம். அந்த வாசலில் தொலைபேசி வாசலும் அடங்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இதற்கான மன்னிப்பைத் தொலைபேசியில் கேட்பது முறையன்று; குற்றம் செய்ததே அதுதான். ஆகவே கடிதம். மன்னிப்புக் கேட்டாயிற்று. இனி நடந்ததைச் சொல்கிறேன். படித்து முடித்ததும், நம் பந்தயத்தில் வென்றது யார் என்பதைத் தாங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

பந்தயம் தங்களுக்கு நினைவிருக்கும். தீபாவளியன்று பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தாங்கள் சொன்னீர்கள்: “எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டுன்னு வருது அத்தை. வர்ற கஸ்டமர் எல்லாம் பக்கத்து லாட்ஜுக்குப் போயிடறாங்க. சாவிய என் ஃப்ரெண்டு பாலாஜிகிட்ட குடுத்துடுங்க. அவனோட புக்கிங் ஆப்ல எல்லாம் தானா நடக்கும்.” பூஜாவும் சேர்ந்துகொண்டாள்: “குளிக்கறப்பகூட போன சோப்பு டப்பா மேல வெச்சிருக்கம்மா நீ.” அது உண்மை. எங்கேஜ்டு என்பதும் உண்மை. இவ்வூரில் தொலைபேசி வைத்திருக்கும் எவரும், செருப்புக் கடைக்காரரே ஆனாலும், பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். என் எண் பழைய எண். பல மாவட்டத்துக்காரர்கள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் சாவியைக் கொடுப்பது வேறு விஷயம். கிரிவலம் முடித்துக் கால் வீங்கி வருகிறவர்களுக்குக் கீழ்த்தள அறை, இளவட்டங்களுக்கு மாடி. தனியாக வரும் பெண்களுக்கு என் அறைக்கு அடுத்த அறை. தொலைபேசியில் பேசும் குரலைக் கேட்டே யாருக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் எந்த ஆப்பு கேட்கும்? முதலில் பணம் கட்டியவனுக்குக் கீழ்த்தளம், பாட்டிக்கு மொட்டைமாடி என்று அது தள்ளிவிட்டுப் போகும். ஆகவே நான் சொன்னேன், ஐப்பசிப் பௌர்ணமிக்குள் என் தொலைபேசியாலேயே என் அறைகள் நிரம்பாவிட்டால், கார்த்திகை தீபத்துக்கு முன் சாவிக்கொத்தைக் கழுவித் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்துத் தருகிறேன் என்று. தாங்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள் நான். படிப்பை நிறுத்தியவள் அல்லள். தமிழை அறிவிப்புப் பலகைகளிலும் நாளிதழ்களிலும் கற்றேன், ஆங்கிலத்தை ஆசிரமத்துக்கு வரும் விருந்தினர்களிடம் கற்றேன். என் ஆங்கிலத்தில் கொஞ்சம் இத்தாலி வாடை வீசுகிறது என்று பூஜா சொல்வாள், வீசட்டும். ஆகவே மெய்நிகர் தொலைபேசி எண் என்றால் என்ன என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சிம் அட்டை கிடையாது, கருவியும் கிடையாது. எண் மட்டும் எங்கோ ஒரு கணினியில் குடியிருக்கும். அதற்கு வருகிற அழைப்பை, நம்மில் யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் கைபேசிக்கு அனுப்பி வைக்கும். “அப்ப போனே இல்லாத நம்பருக்கு நாம மாசாமாசம் பணம் கட்டணுமாம்மா?” என்று கேட்டாள் ஜோதியம்மாள். பதில் சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

இந்தச் சேவையை விற்கும் நிறுவனங்கள் பல. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நானே ஒரு தேர்வு வகுத்தேன்: விற்கிறவனுக்கே போன் அடித்துப் பார்ப்பது. முதல் நிறுவனத்தின் இணையதளத்தை மேலும் கீழும் தடவியும் தொலைபேசி எண் அகப்படவில்லை. மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். இட்லிக் கடைக்காரன் பசித்தால் அடுத்த கடைக்குப் போகிறான் என்றால் அவன் இட்லி எனக்கு வேண்டாம். இரண்டாவது நிறுவனத்துக்கு எண் இருந்தது. ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினேன். நான்கை அழுத்து என்றது, அழுத்தினேன். ஒன்பதை அழுத்தியதும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. கிரிவலம் மாதிரிதான். ஆனால் புண்ணியம் இல்லை. மூன்றாவது, வேலூரில் ஒரு சிறு நிறுவனம். வல்லரசு என்ற தம்பி உடனே எடுத்து, வாயில் சோற்றோடு, “சாப்டுட்டு இருக்கேன் மேடம், பரவால்ல, சொல்லுங்க” என்றான். சாப்பாட்டின் நடுவிலும் எடுத்தானே, அவனையே தேர்ந்தெடுத்தேன்.

மறுநாளே பஸ் பிடித்து வந்து, என் பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளும் புதிய எண்ணுக்கே போகும்படி எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தான். அறை வேண்டுவோர் ஒன்றை அழுத்த வேண்டும், உணவு வேண்டுவோர் இரண்டை. பௌர்ணமி நேரம் கேட்போருக்கென்றே மூன்று. மூன்றை அழுத்தினால் நேரத்தை என் குரலே சொல்லிவிடும். எத்தனை அருமையான ஏற்பாடு என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். வரவேற்புரையையும் நானே எழுதிப் பேசினேன்: மலையே இறைவனாய் நிற்கும் திருத்தலத்திலிருந்து இருகரம் கூப்பித் தங்களை வரவேற்கிறோம் என்று தொடங்கி, ஊருக்கு வரும் வழிகள், சுவாமி, அம்பாள், விடுதியின் ஒழுங்குமுறைகள் என்று முறைப்படி போகும். வல்லரசு கேட்டுவிட்டு, “அம்மா, இது முடியறதுக்குள்ள கஸ்டமரு நடந்தே வந்துடுவாரு” என்றான். வரட்டுமே தம்பி, வருவதற்குத்தானே விடுதி கட்டியிருக்கிறேன் என்றேன்.

அடுத்து, காத்திருப்பவர்கள் காதில் ஏதாவது ஒலிக்க வேண்டுமாம். அவன் வைத்திருந்த பியானோவைக் கேட்டால் பல் பிடுங்கக் காத்திருப்பது போல இருந்தது. அதை மறுத்துவிட்டு, நான் “அண்ணாமலையாருக்கு” என்று சொல்ல, ஜோதியம்மாள் “அரோகரா” என்று சொல்ல, பலராமன் மணி அடிக்க, பூஜை அறையிலேயே பதிவு செய்தோம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வருமாறு வல்லரசிடம் சொல்லிவிட்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த இடம்தான் மாப்பிள்ளை, ஆனால் எண்ணம் தூய்மையானது என்பதைப் பதிவு செய்கிறேன்.

முதல் சிக்கல் நான் மற்றவர்களை அழைத்ததில் வந்தது. புதிய எண்ணிலிருந்து வழக்கமான விருந்தினர்களுக்குப் பேசினேன். எண்ணைப் பார்த்ததுமே, “லோன் வேணாங்க” என்று வைத்துவிடுகிறார்கள். நான் ரேணுகாம்பாள், திருவண்ணாமலை என்று சொல்வதற்குள், “இன்சூரன்ஸும் வேணாங்க” என்கிறார்கள். ஆரணியிலிருந்து ஆண்டாண்டாக வரும் ஒரு பெரியவர் மட்டும் முழுதாகக் கேட்டுவிட்டு, “ஏம்மா, இந்த வயசுல லோன் கம்பெனில வேலைக்குச் சேந்துட்டியா, லாட்ஜு நஷ்டமா?” என்று அழாத குறையாகக் கேட்டார். அவருக்கு ஆறுதல் சொல்லவே அரைப் பகல் போயிற்று.

இரண்டாவது சிக்கலை உலகில் வேறு எந்த ஊர்க்காரரும் உண்டாக்கியிருக்க முடியாது. அரோகராவைப் பாதியில் துண்டிப்பது பாவம் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். நேரம் கேட்க அழைத்தவரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அரோகராவுக்காகத் தங்கிவிடுகிறார். திண்டிவனத்தில் ஒரு குடும்பமே ஸ்பீக்கரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. ஜோதியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எடுத்து, “சொல்லுங்க” என்றால், “இரும்மா, குறுக்க பேசாத, முடியட்டும்” என்று அவளையே அதட்டுகிறார்கள். அதுவோ முடியாது, முடியாமல் இருக்க ஏற்பாடு செய்தவளே நான். நான் எடுத்த சந்தாவில் ஒரே சமயத்தில் சிலர் மட்டுமே உள்ளே வரலாம். ஆக உள்ளே இருப்பவர்கள் பக்தியில் இருக்க, அறை வேண்டியவர்கள் வெளியே நிற்க, நிலைமை பழையபடி எங்கேஜ்டு. இதற்கிடையில் வல்லரசு உற்சாகமாகப் பேசுகிறான்: “அம்மா, எங்க கஸ்டமர்லயே உங்க கால்தான் ஜாஸ்தி நேரம் போவுது. கட் பண்றவங்க ரொம்பக் கம்மி. எப்டிம்மா பண்றீங்க?”

இந்த நிலையில்தான் தாங்கள் அழைத்தீர்கள். அரோகரா கேட்டதும் தாங்கள் நாற்காலியை விட்டு எழுந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, மேலதிகாரி எதிரில் காலுறையோடு நின்றீர்கள் என்று பூஜா சொன்னாள். துண்டிக்கவும் இல்லையாமே. மாப்பிள்ளை, அந்தச் செய்தி கேட்டு என் நெஞ்சு நிறைந்தது. நல்ல குடும்பத்தில்தான் பெண் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதன்பின் ஜோதியம்மாள் எடுத்து, “ஏசி ரூமா, சாதா ரூமா?” என்று கேட்க, தாங்கள், “நான் மாப்பிள்ளை பேசறேன்” என்று சொல்ல, அவள், “மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? கல்யாணப் பார்ட்டிக்கு நாங்க ரூம் குடுக்கறதில்லைங்க, சுவத்துல கை தொடைக்கறாங்க” என்று வைத்துவிட்டாள். அவளைக் கண்டித்தேன். “நம்ம மாப்பிள்ளைன்னு நெத்திலயா எழுதியிருக்கு, போன்லதானேம்மா வந்தாரு” என்கிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு முடிவைக் கேளுங்கள். நேற்றுப் பௌர்ணமி. மாலையில் கோயிலில் அன்னாபிஷேகம் முடிந்த கூட்டமும் மலையைச் சுற்றக் கிளம்பிய கூட்டமும் சாலையில் தேர் போல நகர்ந்தபோது, அருணை நிழலில் ஓர் அறைகூடக் காலி இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். பலராமன் ஒவ்வொருவரையும் காட்டி, “போன்ல பேசிட்டு வந்தவங்கம்மா” என்றான். முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தில், இளவட்டங்கள் மாடியில், எல்லாம் முறைப்படி. பொறுமையாகக் காத்திருந்து பேசியவர்கள் எத்தனை தரமான விருந்தினர்களாக இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். இது அறிவியலும் ஆன்மீகமும் கைகோத்த வெற்றி என்றே கருதுகிறேன். ஆகவே சாவிக்கொத்து என் இடுப்பிலேயே இருக்கும். தங்கள் நண்பர் பாலாஜிக்கு என் அன்பையும் ஆறுதலையும் தெரிவியுங்கள். அவருக்கும் ஒரு மெய்நிகர் எண் தேவைப்பட்டால் தேர்ந்தெடுத்துக் கொடுக்க நான் தயார்.

பூஜாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். தாங்களும் அலுவலகத்தில் ஷூவுக்குப் பதில் எளிதில் கழற்றக்கூடிய செருப்பு அணிவது நல்லது. மலையின் நிழல் சென்னை வரை நீண்டு தங்கள் இருவர் தலைமேலும் குளிர்ச்சியாக விழட்டும்.

இப்படிக்கு, தங்கள் நலன் நாடும் மாமியார்,
பெ. ரேணுகாம்பாள்,
உரிமையாளர் மற்றும் தகவல் தொடர்புப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: இக்கடிதத்தை உறையிலிட்டு அஞ்சலில் சேர்க்கப் பலராமனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான். “அம்மா, அந்த நம்பர்னாலதான் ரூம் ஃபுல்லாச்சுன்னு எழுதிட்டீங்களா?” என்றான். எழுதிவிட்டேன் என்றேன். “ஒட்டிட்டீங்களா?” ஒட்டிவிட்டேன் என்றேன். “அப்ப சரிங்கம்மா” என்று நடந்தான். எனக்குச் சந்தேகம் வந்து நிறுத்திக் கேட்டதில் கக்கிவிட்டான்: “உங்க நம்பர்ல சாமி பேருதாம்மா வருது, ரூம் வரல. வந்தவங்க கேட்டாண்ட நின்னுகினு அந்த நம்பருக்கே அடிச்சு அடிச்சு முழிச்சாங்க. அதான் கேட்டுல சாக்பீஸ்ல என் நம்பர எழுதி வெச்சேன். எல்லாரும் எனக்குத்தான் பேசினாங்க. இருமிகினே பேசினவங்களுக்குக் கீழ் ரூம் போட்டேன், நீங்க பண்ற மாதிரியே.” உறையைப் பிரித்து இதைச் சேர்த்துள்ளேன், உண்மையை மறைப்பது என் வழக்கமன்று. அதே சமயம், நம் ஒப்பந்தத்தின் வாசகம் ‘என் தொலைபேசியாலேயே’ என்பது. பலராமனின் கைபேசி சென்ற பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஆகவே தீர்ப்பில் மாற்றம் இல்லை. மெய்நிகர் எண்ணை மட்டும் அரோகரா கேட்க விரும்புவோருக்கென விட்டுவிட்டேன். மறுப்பு ஏதும் இருந்தால் பலராமனின் எண்ணுக்கு அழையுங்கள். எண் கேட்டில் எழுதியிருக்கிறது. பூஜாவோடு நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். சொம்போடு வாசலில் நானே நிற்பேன், ஒரு நொடியும் காக்க வைக்க மாட்டேன்.