புல்லும் முளைக்காது, மூன்று போகமும் விளையும்

நாவல்கண்டிகை
14-3-1974

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை லோகநாதன் அவர்களுக்குப் பூவராகவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் சம்சாரம் ரத்னாவும் இரண்டு எருமைகளும் பெரியபாளையத்து அம்மன் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம். பெரம்பூரில் நீங்களும் என் தங்கை சந்திரகலாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற மாதக் கார்டில், 'ஊர் எப்படி இருக்கிறது? இரண்டு வரி எழுதுங்கள்' என்று கேட்டிருந்தீர்கள். மாப்பிள்ளை, அதே கேள்வியைச் சர்க்காரும் கேட்டுவிட்டது. அதற்குப் பதில் எழுதப் போய் நான் பட்ட பாட்டைத்தான் இப்போது எழுதுகிறேன். இரண்டு வரியில் அடங்கவில்லை, மன்னிக்கவும்.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் துலுக்காணத்துக்கு ஒரு தபால் வந்தது. கிராம விவரக் குறிப்பு ஒன்று பத்து நாளில் வேண்டும். ஜனத்தொகை, மண்வளம், தண்ணீர், தொழில், தனிச்சிறப்புகள் என்று தலைப்பு வாரியாக எழுதி வைக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து வாங்கிக்கொள்வார் என்று போட்டிருந்தது. எதற்காக என்று போடவில்லை. சர்க்கார் தபாலில் காரணம் போடாவிட்டால் ஊரே ஆளுக்கொரு காரணம் போட்டுக்கொள்ளும் அல்லவா? பொழுது சாய்வதற்குள் ஃபேக்டரி வரப்போகிறது என்று முடிவாகிவிட்டது. டயர் ஃபேக்டரி என்றார்கள் சிலர், மருந்து ஃபேக்டரி என்றார்கள் சிலர். முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், கையெழுத்து அழகாக இருக்கும் என்று குறிப்பு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

ஜனத்தொகையில் ஆரம்பித்தேன். எல்லம்மா வீட்டில் வயது கேட்டால், "இன்னா வாத்தியாரே, பொண்ணா பாக்க வந்துகிற?" என்று விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். அவள் மகன் தனக்கு முப்பது என்றான். அவள் முப்பத்தெட்டு என்றாள். எட்டு வயதில் பிள்ளை பெற்றவள் என்று சர்க்காருக்கு எழுத முடியுமா? நானாக ஐம்பது போட்டேன். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு அவள் மோர் கொடுப்பதில்லை.

தனிச்சிறப்புகள் என்ற இடத்தில் இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், நம் ஊருக்கென்று என்ன இருக்கிறது? கோயில் என்றால் பெரியபாளையம். கார் ரேஸ் என்றால் சோழவரம். மீன் பழவேற்காட்டிலிருந்து வருகிறது. எல்லாச் சிறப்புக்கும் போகிற வழியில் இருப்பதுதான் நம் ஊரின் சிறப்பு. ஆடி மாதம் வேப்பிலை கட்டிய மாட்டு வண்டிகள் வரிசையாக வந்து நம் கிணற்றடியில் நிற்கும். முகம் தெரியாத ஜனமெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டு, 'இது என்ன ஊர்?' என்று கேட்டு, பதில் வருவதற்குள் வண்டி ஏறிவிடும். அதை நினைத்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கார் ரேஸ் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் மறந்திருக்காது. அறுபத்து மூன்றாம் வருஷம், நீங்கள் புது மாப்பிள்ளை. துலுக்காணம் புது வண்டி பூட்டி, காலனி ராஜமாணிக்கத்தை ஓட்டச் சொல்லி, நம்மைச் சோழவரத்துக்கு அழைத்துப் போனார். முதல் கார் உறுமியதுமே மாடுகள் இரண்டும் வண்டியோடு திரும்பி நம்மை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டன. நாம் ரேஸைப் பார்த்ததைவிட மாடுகளின் ரேஸைத்தான் நன்றாகப் பார்த்தோம். நடந்து திரும்பும்போது வாய்க்காலில் துலுக்காணத்தின் கால் பிசகியது. ராஜமாணிக்கம் அவரை முதுகில் சுமந்துகொண்டு இரண்டு மைல் நடந்தான். ஊர் எல்லையில் புளியமரம் தெரிந்ததும், "எறக்கி வுட்றா, யார்னா பாத்துடப் போறாங்க" என்றார் துலுக்காணம். காலனி ஆளின் முதுகில் வந்தார் என்று ஊர் சொல்லிவிடுமாம். இறங்கி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே தெருவுக்குள் வந்தார். நீங்களும் நானும் சிரித்தோம். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை என்பது பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் குறிப்பில் எழுத முடியாது என்று மண்வளத்துக்குப் போனேன். அங்கேதான் வினை பிடித்தது. காலையில் துலுக்காணம் வந்தார். ஏரிக்குக் கீழே அவருக்குப் பதினோரு ஏக்கர் இருப்பது தெரியும் அல்லவா? "வாத்தியாரே, மூணு போகம் வெளையுதுன்னு எய்து. வெளையற நெலத்துல சர்க்கார் கைய வெக்காது. ஃபேக்டரி கீக்டரின்னு வந்தா ஏரித் தண்ணி பாழாப் பூடும், ஆமா" என்றார். பிரசிடெண்ட் சொல்லும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுதினேன். சாயங்காலம் ராஜமாணிக்கம் வந்தான். என்னிடம் ஐந்தாவது வரை படித்தவன், இன்றும் என் முன்னால் உட்கார மாட்டான். நின்றுகொண்டே சொன்னான்: "சார், இந்த ஊர்ல புல்லு கூட மொளைக்காதுன்னு எய்திடுங்க. எங்க நைனா பிரசிடெண்டு நெலத்துல குனிஞ்சவரு, செத்தப்பறம்தான் நிமிந்து படுத்தாரு. எம் பசங்க சங்கு ஊதினா வேலைக்குப் போவணும், சங்கு ஊதினா ஊட்டுக்கு வரணும். நடுவுல எவனும் வாசல்ல வந்து பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது. அவ்ளோதான் சார்." இவனிடம் மட்டும் எப்படி மாட்டேன் என்பது? வேறு காகிதங்கள் எடுத்து அதையும் இரண்டு பக்கத்தில் எழுதினேன். அதிகாரி வரும்போது எதை நீட்டுவது என்று அம்மன் வழி காட்டுவாள் என்று இரண்டையும் மேசை மேல் வைத்தேன். அம்மன் காட்டவில்லை. காற்றடித்தது. பறந்த காகிதங்களை ரத்னா பொறுக்கி, முதல் பக்கம் இரண்டாம் பக்கம் என்று நம்பர் பார்த்து அழகாகக் குண்டூசி குத்தி வைத்துவிட்டாள். நம்பர் பார்த்தாளே தவிர விஷயத்தைப் பார்க்கவில்லை.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அதிகாரி வந்துவிட்டார். சின்ன வயசு, தெற்கத்திப் பக்கம், ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஊரே கூடிவிட்டது. ரத்னா ஓடிவந்து காகிதத்தைக் கொடுத்தாள், நான் பார்க்காமலே நீட்டினேன், அவர் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்: "இக்கிராமத்தின் மண் மிகவும் வறண்டது. இங்கே புல்லும் முளைக்காது." பக்கத்தைத் திருப்பினார். "ஆகையால் ஆண்டுக்கு மூன்று போகம் செழிப்பாக விளைகிறது." கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு முப்பத்தைந்து வருஷ மானம் ஒரு நிமிஷத்தில் போனது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரியவரே, இதுல எது நிஜம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் சுவரோரமாக நின்றிருந்த ராஜமாணிக்கம் பேசினான்.

"ரெண்டும் நிஜம்தான் சார். பிரசிடெண்டுக்கு மூணு போகம் வெளையுது. எங்களுக்குப் புல்லும் மொளைக்கல."

மாப்பிள்ளை, அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் துலுக்காணம் பதிலுக்குக் கத்தியிருப்பார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். துலுக்காணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதிகாரி, "ஒழுங்கா ஒண்ணு எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். நாளைக்கு ஊர் இரண்டுபடும், காலனிக்காரர்களை வேலைக்குக் கூப்பிடாமல் விடுவார்கள், எல்லாம் நான் ஊசி குத்திய வினை, இல்லை, ரத்னா குத்திய வினை என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை துலுக்காணம் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ரொம்ப நேரம் எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாத்தியாரே, மூணாவதா ஒண்ணு எய்து. ஏரிக்குக் கீய வெளையுது, அத்த அப்டியே போடு. ரோட்டுக்கு மேற்கால மேடு கீது பாரு, ஏயு ஏக்கரு. அதுவும் என்துதான். நான் ஒரு நாளும் ஏர் கட்னதில்ல. ஃபேக்டரி வேணும்னா அங்க வரட்டும். கீய எறங்கக் கூடாது. ஏரியில ஒரு சொட்டு வுடக் கூடாது. அதையும் எய்து" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அவனயும் கூப்புடு. அவன் சொல்றதையும் எய்து. என் வாயால அவன் கதைய நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார்.

ராஜமாணிக்கம் வந்தான். அன்று நான் அதட்டி உட்கார வைத்தேன். இரண்டு பேரும் என் வீட்டு பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, மத்தியானம் வரை மாறி மாறிச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதி நேரம் சண்டைதான். 'ஊர்க் கிணறு எல்லாருக்கும் பொது' என்று துலுக்காணம் சொல்ல, "எப்பத்திலேர்ந்து?" என்று ராஜமாணிக்கம் கேட்க, நான் எழுதியதை அடிக்க, "அடிக்காத வாத்தியாரே, இன்னிலேர்ந்துன்னு போடு" என்று துலுக்காணம் சொல்ல, அப்படியே போட்டேன். ரத்னா காப்பி கொண்டுவந்தாள். இரண்டும் எவர்சில்வர் டம்ளர். இத்தனை வருஷத்தில் காலனி ஆளுக்கு எங்கள் வீட்டுக்குள் டம்ளர் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது டம்ளரும் கழுவிக் கவிழ்த்து அடுக்கில்தான் இருக்கிறது.

ஆகமொத்தம் குறிப்பு பதினோரு பக்கம் வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து உங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரில் மூன்று பிரதி அடித்து அனுப்பவும். ஐந்தாம் பக்கத்தில் கார் ரேஸைச் சேர்த்திருக்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் எடுத்துவிடலாம். ஆனால் ராஜமாணிக்கம் சுமந்து வந்ததை மட்டும் எடுக்க வேண்டாம். அதைச் சொல்லி எழுதச் சொன்னது துலுக்காணம்.

சந்திரகலாவுக்கு என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். ஆடியில் அம்மனுக்குப் பொங்கல் வைக்க இருவரும் வந்து பத்து நாளாவது தங்க வேண்டும் என்று ரத்னா கேட்டுக்கொள்கிறாள். எல்லா நலமும் பெருகி நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்
பூவராகவன்

பி.கு.: கவரை ஒட்டித் தபாலில் போடப் போகும்போது அந்த அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. நாவல்கண்டிகை என்று ஆந்திர எல்லைப் பக்கம் இன்னொரு ஊர் இருக்கிறதாம். விவரம் கேட்டது அந்த ஊருக்காம். ஆபீஸில் ஊரை மாற்றிக் குறித்ததில் தபாலும் இங்கே வந்துவிட்டதாம், அவரும் இங்கே வந்துவிட்டாராம். நம் ஊருக்கு ஃபேக்டரியும் இல்லை, நம் நிலம் யாருக்கும் வேண்டவும் வேண்டாம், சிரமத்துக்கு வருந்துகிறார். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம், டைப்பும் அடிக்க வேண்டாம் என்று எழுதத்தான் கவரைப் பிரித்தேன். துலுக்காணம் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்போ நம்ம ஊரு அவுங்க லிஸ்ட்லயே இல்லியா? இன்னா வாத்தியாரே பேஜாரு!" என்று குதிக்கிறார். "வுடுங்க பிரசிடெண்டு, நேர்ல போய்க் கேட்டுடலாம்" என்கிறான் ராஜமாணிக்கம். ஆகவே மூன்று பிரதி போதாது, நான்காக அடிக்கவும். ஃபேக்டரி வேண்டும் என்று சொல்ல அவனும், ஏரிப் பக்கம் வேண்டாம் என்று சொல்ல இவரும், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஒரே சீட்டில் போகிறார்கள்.