ஓட்டை குறைந்த பன்னிரண்டு அட்டைகள்

தன்னை அறிவாளி என்று நம்புகிறவனை வீட்டில் சும்மா உட்கார வைக்கவே கூடாது. எட்டு வருஷத்துக்கு முன் ஆரணியில் அப்படி ஒருவன் இருந்தான். இன்ஜினியரிங் முடித்து, வேலை கிடைக்காமல் (தேடினால்தானே கிடைக்கும்!), மூன்று வேளையும் அம்மா சமைத்ததைத் தின்றுகொண்டு, உலகக் குடிமகன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தான். அந்த ஜென்மம் நான்தான்.

என்னை உலகக் குடிமகன் ஆக்கியது போஸ்ட்கார்டு. இணையத்தில் ஒரு குழு. முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் ஒரு படக் கார்டு அனுப்பினால், முன்பின் தெரியாத இன்னொருவர் நமக்கு அனுப்புவார். போர்ச்சுகலிலிருந்து கலங்கரை விளக்கம், ஜப்பானிலிருந்து பூனை என்று வர வர, எனக்குத் தலைக்கனம் ஏறியது. தபால்காரர் தலை தெரிந்தாலே தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்கேர்ந்துங்க, ஐரோப்பாவா?" என்று கத்துவேன். (பாதி நாள் அது இன்சூரன்ஸ் நோட்டீஸ்.)

வாங்குவது சரி, அனுப்புவதுதான் சிக்கல். ஆரணி படம் போட்ட கார்டு ஆரணியில் எந்தக் கடையிலும் கிடையாது. பின்லாந்துப் பெண் ஒருத்தி வேறு, "உங்கள் ஊரில் மட்டும் கிடைப்பது ஏதாவது அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தாள்.

வீட்டில் அப்போது அக்காவின் கல்யாண வேலை. அப்பா தறிக்காரர்களிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். அடுத்தவர் வரைந்த மயிலோடு மணையில் உட்கார மாட்டேன் என்று அக்கா ஒரே பிடிவாதம். முகூர்த்தப் புடவைக்கான மயிலைக் கட்டம் போட்ட தாளில் அவளே வரைந்தாள். இரண்டு மாசம் அழித்து அழித்து வரைந்தாள். அதைப் பார்த்துத் தொண்ணூறு அட்டைகளில் ஓட்டை போட்டு வாங்கியாயிற்று. ஓர் அட்டை, மயிலில் ஒரு வரி; தொண்ணூறும் ஒரு சுற்று வந்தால் ஒரு மயில் வரிசை, மறுபடி முதலிலிருந்து. அட்டையில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் தறி ஜரிகையைப் போடும்.

"சும்மாதான குந்திகினு கீற? இத்த நம்பர் பாத்து வரிசையா கோத்து வை. முள்ளிப்பட்டு தறிக்கு அனுப்பணும், ஜல்தி" என்றார் அப்பா.

அட்டையைக் கையில் எடுத்ததும் என் மூளை வேலை செய்தது. அதுதான் வினை. கெட்டியான அட்டை, அழகழகாய் ஓட்டை, உலகத்தில் எவனிடமும் இல்லாத போஸ்ட்கார்டு! எழுத இடம் வேண்டுமே என்று ஓட்டை குறைவான அட்டைகளாகப் பொறுக்கினேன். வசதியாக, பன்னிரண்டும் அடுத்தடுத்த நம்பரில் கிடைத்தன. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நானும் மனிதன். தொண்ணூறில் பன்னிரண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று மிச்சத்தைக் கோத்துக் கொடுத்தேன். என்னை நம்பி அப்பாவும் எண்ணவில்லை. "இது எங்கள் முன்னோரின் கம்ப்யூட்டர்" என்று இங்கிலீஷில் கிறுக்கி, ஸ்டாம்பு ஒட்டி, பன்னிரண்டு நாட்டுக்கு அனுப்பினேன். த்தூ!

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், முள்ளிப்பட்டிலிருந்து தறிக்காரர் முருகேசன் புடவையோடு வந்தார். விரித்தார். புடவை முழுக்க மயில். ஒரு மயிலுக்கும் கழுத்து இல்லை. தலை நேராக உடம்பில் குந்தியிருக்க, அத்தனையும் சளி பிடித்த கோழி மாதிரி எங்களைப் பார்த்தன.

"இன்னா முருகேசா இது?" அப்பா புடவையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் பேஜாராத்தான் இருந்துச்சுங்க. உங்க வீட்டுக் கல்யாணம், புது மோஸ்தருன்னு நெனச்சிகினேன். அட்டை சொல்றத நெய்றவன் நானு. நானா மயிலுக்குக் கழுத்து வெக்க முடியுங்களா?"

அப்பா அட்டைகளைப் புரட்டினார். முப்பதுக்கு அடுத்தது நாற்பத்து மூன்று. மயிலுக்குக் கழுத்துதானே ஒல்லி? ஒல்லியான இடத்தில்தானே ஓட்டை குறையும்?

"நடுவுல பன்னண்டும் எங்கடா?"

"ஒண்ணு பின்லாந்துல... ஒண்ணு பிரேசில்ல..."

"அப்படியா? வண்டிய எடுத்துகினு போயி வாங்கியாந்துடு."

அக்கா கத்தவில்லை. புடவையை மடியில் போட்டு, ஒவ்வொரு மயிலாகத் தடவித் தடவி அழுதாள். என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால் தேவலை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கடையிலிருந்து வேறு புடவை எடுத்துவரலாம் என்றார் அப்பா. "வேணாம்பா. நான் வரைஞ்ச மயிலு. தலையாவது கீதே" என்று அதையேதான் கட்டிக்கொண்டாள்.

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா புடவையை உற்றுப் பார்த்தார். "இன்னா பறவைங்க இது, சம்பந்தி?"

வாழ்நாளில் பொய் சொல்லாத என் அப்பா, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெளிநாட்டுப் பறவைங்க" என்றார். மணையில் இருந்த அக்கா முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் மாலை குலுங்கச் சிரித்தாள். எனக்குப் போன உயிர் வந்தது.

வருஷா வருஷம் கல்யாண நாளன்று அந்தப் புடவையைத்தான் கட்டுகிறாள். போன மாசம் அவள் மகளுடைய வகுப்பில் மயில் வரையச் சொன்னார்களாம். கழுத்தே இல்லாமல் வரைந்து வைத்திருக்கிறாள். கழுத்து எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க மாமா போஸ்ட் பண்ணிட்டாரு மிஸ்" என்றிருக்கிறாள். இந்த வயதிலேயே இப்படிப் பொய் சொல்கிறாளே என்று, வீட்டிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து பார்க்கச் சொல்லியிருந்தார் டீச்சர்.

அக்கா என்னைத்தான் அனுப்பினாள்.