லோர்னாவின் இருபது கூடுகள்

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே மிகுந்த நிதானத்தோடு எடுக்கப்பட்டது எங்கள் ஊர் முடிவுதான். எடுத்தது, அமெரிக்காவின் மொன்டானாவில் கிளீட்டின் கார் ஷெட்டில் கூடும் 'தோட்டாக் கூடு தேர்வுக் குழு'. தலைவர் டெல்மர், பொருளாளர் கிளீட், செயலாளர் நான். பொருள் எதுவும் கிடையாது. அதற்காகப் பொருளாளர் இல்லாமல் ஒரு குழுவை நடத்த முடியுமா?

மான் வேட்டைக்கு ஐந்து வாரம்தான் அனுமதி. அது தொடங்குகிற சமயத்தில் லோர்னா ஹாகன் துப்பாக்கிக் கடையில் ஒரு பெட்டித் தோட்டாவைக் கையில் எடுத்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, அவருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் குளிர்காலக் கறி வருடத்துக்கு ஒரு மான்தான். டெல்மர் பதறிப்போனார்.

"ஏம்மா, கடைத் தோட்டாவா? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க? போன வருஷம் சுட்ட தோட்டாவோட காலிப் பித்தளைக் கூடு இருக்குமே, அதுல நாமளே வெடிமருந்து நிரப்பிக்கலாம்!"

"இருபது கெடக்கு. அதுல எது நல்லதுன்னு எனக்கு என்னய்யா தெரியும்?"

"அதுக்குத்தான நாங்க இருக்கோம்!"

லோர்னா பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். "ஒரே கம்பெனிக் கூடா, வெடிப்பு இல்லாம இருந்தாப் போதும்மா" என்று கடைக்காரர் முனகினார். இப்படிப்பட்ட அவசரக்காரர்களால்தான் நாடு உருப்படாமல் போகிறது.

முதல் வாரம் அவர் கொண்டுவந்து கொடுத்த கூடுகளைப் பளபளப்பாக்க, சோளச் சக்கையோடு உருளையில் போட்டுச் சுற்றினோம். தங்கமாய் மின்னின. இரண்டாம் வாரம் எடை போட்டோம். ஒரு கூடு மட்டும் தூசளவு கனம் அதிகம். அதன் 'நடத்தை' பற்றி ஆராய உபகுழு அமைத்தோம், உறுப்பினர்கள் நாங்களே. மூன்றாம் வாரம் ஒவ்வொன்றின் கழுத்தையும் அளந்தோம். நான்காம் வாரம் கிளீட் தும்மினார், தராசு ஆடிவிட்டது, முதலிலிருந்து ஆரம்பித்தோம். சனிக்கிழமைகளில் மட்டும் 'சொந்த அலுவல்' காரணமாகக் கூட்டம் இல்லை.

லோர்னா தினமும் போன் செய்தார். "யோவ், மான் என் வாசல்ல நின்னு வைக்கோல் தின்னுது! எதையாவது குடுங்கய்யா!"

"பரிசீலனையில இருக்கும்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டைக் காலம் முடிந்தது. திங்கட்கிழமை தேர்வு முடிவை வெளியிட்டோம். இருபதும் தேறியிருந்தன! வெல்வெட் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தபோது டெல்மர் கண்கலங்கினார். விழாவுக்காகக் கிளீட் ஒரு தட்டில் இறைச்சி வறுவல் கொண்டுவந்தார்.

லோர்னா ஒரு துண்டை எடுத்து மென்றார். "இது மான் கறியாச்சே?"

"போன சனிக்கிழமை அடிச்சது. மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. மொத்தமும் இந்தப் பிரிட்ஜுலதான் இருக்கு."

"எந்தக் கூட்டுல மருந்து நிரப்பினீங்க?"

"நிரப்பவா?" கிளீட் சிரித்தார். "அதுக்கெல்லாம் யாருக்கு நேரம்? கடைத் தோட்டாதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் செயலாளர் என்ற முறையில் முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தேன்.

லோர்னா தன் சரக்கு வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிவந்து ஷெட் வாசலில் நிறுத்தினார். பிரிட்ஜைத் திறந்தார். தொடைக் கறி, முதுகுக் கறி, அரைத்த கறி என்று பொட்டலம் பொட்டலமாக எடுத்து ஏற்றினார். தேர்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம்.

"ஏம்மா, அது எங்க குளிர்காலக் கறி!" என்று அலறினார் தலைவர்.

லோர்னா வெல்வெட் பெட்டியை அவர் கையில் திணித்தார்.

"இந்தாங்க, இதை வேக வெச்சுத் தின்னுங்க. அஞ்சு வாரம் கழுவியிருக்கீங்க, சுத்தமாத்தான் இருக்கும்."