நிலத்துக்காரர் கூட வர வேண்டும்

"சாவி?" என்று கேட்டாள் அவள்.

"சாவியா?" என்றார் தொப்பிக்காரர். சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் தட்டிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்தே, மரியாதைக்குத் தட்டுகிற தட்டு அது.

காட்டின் இரும்புக் கதவில் தொங்கிய பூட்டு துருப்பிடித்துச் சங்கிலியோடு சங்கிலியாகிவிட்டிருந்தது. சுற்றிலும் இடுப்பளவு புல். கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. வனத்துறை அலுவலகம் கொடுத்த வரைபடத்தில் நுழைவாயில் என்று போட்டிருந்தது இந்த இடத்தைத்தான். அவள் வந்து இறங்கியபோதே தொப்பிக்காரர் கதவருகே நின்றிருந்தார்.

"மதிப்பீடு விஷயமாத்தானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்றார். அறிமுகம் அவ்வளவோடு முடிந்துவிட்டது.

சொந்தக் காட்டைக் காட்டச் சாவி இல்லாமல் வருகிற மனிதரை என்னவென்று சொல்வது.

"பரவால்ல சார். மறதி எல்லாருக்கும் வர்றதுதான்."

"அதானே. நீங்க சங்கடப்படாதீங்க" என்றார் அவர். "வேலில எங்கயாவது ஒரு ஓட்டை இல்லாமலா போயிடும்."

வேலியில் ஓட்டை இருந்தது. முள்கம்பியை அவர் தூக்கிப் பிடிக்க, அவள் குனிந்து நுழைந்தாள். தோள்பை கம்பியில் மாட்டியது. "இருங்க, நான் எடுத்து விடறேன்" என்று அவர் ஓர் இழுப்பு இழுத்தார். பை அவர் கையோடு வந்தது, வார் கம்பியோடு நின்றது, உள்ளே இருந்த வரைபடம் காற்றில் பறந்து போய்ச் சேற்றுக் குட்டையில் முகம் குப்புற விழுந்தது.

அவர் அதை ஒரு குச்சியால் எடுக்கப் பார்த்தார். குச்சி அதை இன்னும் ஆழமாக அழுத்தியது.

"போகட்டும் விடுங்கம்மா. வரைபடம் எதுக்கு? அதான் நீங்க இருக்கீங்களே."

"நீங்க இருக்கீங்களே சார்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அவள் அரசு அங்கீகாரம் பெற்ற நில மதிப்பீட்டாளர். அலுவலகத்தில் அவளுக்கு ரூல்ஸ் அக்கா என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் என்ன என்று திரும்புவாள். அரசுப் பணத்தில் காடு வாங்குவது என்றால் விதிகள் அப்படி. நிலத்துக்காரரைக் கூட அழைத்துக்கொண்டு போய்த்தான் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் விலையைப் பற்றி அவரிடம் மூச்சு விடக் கூடாது, அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இத்தனை பெரிய காட்டுக்கு இன்னொரு மதிப்பீட்டாளரும் தனியாக வந்து பார்ப்பார். அவர் யார், என்ன விலை போடுகிறார் என்பதெல்லாம் இவளுக்குத் தேவையில்லாத விஷயம். எல்லாவற்றுக்கும் மேலே, விற்கிறவர் மனம் ஒப்பி விற்க வேண்டும். கட்டாயம் என்று ஒரு வாசனை வந்தால் போதும், கோப்பை மூடிவிடுவார்கள்.

இந்தக் காட்டுக்கு அப்படி ஏற்கெனவே இரண்டு தடவை மூடியாகிவிட்டது. காடு ஓர் அண்ணன் தங்கை பேரில் இருந்தது. பத்து வருஷமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. முதல் தடவை அண்ணனை அழைத்துப் போனதற்குத் தங்கை முறைத்தாள். அடுத்த தடவை தங்கையை அழைத்ததற்கு அண்ணன் முறைத்தார். கையெழுத்து இரண்டு பேருடையதும் வேண்டும். அந்த இரண்டு தடவையும் மதிப்பீட்டுக்குப் போனது அவள் கணவர். தலைமுடியில் இலைச்சருகோடு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். "நல்ல காடும்மா. உள்ள போனா சத்தம் எல்லாம் வாசல்லயே நின்னுடுது" என்பார். மூன்றாவது தடவைக்கு அவர் இல்லை. அவர் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருந்தாள்.

காட்டை அரசே வாங்கிக் காக்கும் திட்டம் இந்த வருஷத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு காட்டை மொட்டையடித்து மனை போட ஓர் ஆள் தயாராகக் காத்திருந்தார். இந்தத் தடவை அலுவலகம் ஏதோ வழி கண்டுபிடித்து, "புதன்கிழமை வனக்காவலர் இருப்பார், அண்ணன் உங்களோட வருவார், போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டது. தங்கையை எப்படிச் சமாளித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, அது தெரிந்து, அதற்கும் ஒரு விதி இருந்து தொலைத்தால்?

"எந்தப் பக்கம் போலாம் சார்?"

"நீங்க சொல்லுங்கம்மா. நான் பின்னாடியே வர்றேன்."

"இல்லல்ல, நீங்க முன்னாடி போங்க. அதான் முறை."

"அப்படியா? எங்க பழக்கம் வேற. சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

சேர்ந்தே போனார்கள். அவர் இடப்பக்கம் சாய்ந்தால் அவளும் சாய்ந்தாள். அவள் ஒரு மரத்தைப் பார்க்க நின்றால் அவரும் நின்றார். காட்டைத் தெரிந்தவர் நடந்தால் வழி தானாகத் திறக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இவர் நடந்தால் புதர்தான் வந்தது. பத்து வருஷமாகக் கால் வைக்காத காடு, மனுஷன் வழியை மறந்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

ஓர் எல்லைக் கல் தென்பட்டது. சாக்கட்டியால் அதில் குறி போட்டாள். அரை மணி நடந்ததும் இன்னொரு எல்லைக் கல். அதில் ஏற்கெனவே குறி இருந்தது.

"யாரோ நமக்கு முன்னாடியே வந்து பாத்திருக்காங்க போல" என்றார் அவர் தீவிரமாக.

"அது நான் போட்ட குறி சார்."

"ஓ." தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அப்ப நாம நல்லா முழுசா சுத்திட்டோம்."

திட்ட வாய் வரை வந்தது. ஆனால் அவரிடம் ஒரு குணத்தை அவள் கவனித்திருந்தாள். இத்தனை நேரத்தில் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை உயர்த்திப் பேசவில்லை. வழக்கமாக நிலத்துக்காரர்கள் புற்றைக்கூட மலை என்று காட்டுவார்கள். இவர் என்னடாவென்றால், "சரிவு ஜாஸ்தியா இருக்கே" என்கிறார். "இந்தப் பக்கம் வண்டிப் பாதையே இல்ல" என்கிறார். சதுப்பைக் கண்டால் நின்று, காலால் அமுக்கிப் பார்த்து, "ச்சு" கொட்டுகிறார்.

"இங்க வீடு ஏதும் கட்ட முடியும்னு நினைக்கிறீங்களா?" என்று திடீரென்று கேட்டார்.

வலை என்று அவளுக்குப் பட்டது. "அதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது சார்."

"சரியாச் சொன்னீங்க. நானும் கேட்டிருக்கக் கூடாது" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நகர்ந்துபோனார்.

மதியம் ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். அவர் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து ஒன்றை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்ககிட்ட நான் எதுவும் வாங்கக் கூடாது."

அவர் முகம் சுருங்கியது. அதைச் சரிக்கட்ட அவள் தன் டப்பாவைத் திறந்து ரொட்டியை நீட்டினாள். கொடுக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அவர் துள்ளி விலகினார்.

"ஐயோ, நீங்க கொடுத்து நான் சாப்பிடறதா? வேலைக்கே உலை வெச்சுடுவீங்க போலிருக்கே."

என்ன வேலை என்று அவளுக்குப் புரியவில்லை. கோபத்தில் உளறுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பாறையில், ஒருவருக்கொருவர் முதுகு காட்டி, சண்டை போட்ட சம்பந்திகள் போல உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார்கள்.

சமாதானம் அவராகவே செய்தார். கைபேசியை எடுத்து ஓடையை, சரிவை, மரங்களைப் படம் எடுக்கத் தொடங்கினார்.

"போட்டோ எடுத்துக்கறீங்களா சார்?"

"ஆமாம்மா. பின்னாடி பாக்கறதுக்கு வேணும்ல."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. படம் எடுத்து முடித்தவர், அங்கே இருந்ததிலேயே பெரிய மரத்தருகே போனார். தொப்பியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் அந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தை அதன் மேல் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கை எட்டாத மிச்சத்துக்குச் சுற்றிப் போய் இன்னொரு தடவை கட்டிக்கொண்டார்.

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பரம்பரைச் சொத்தை விட்டுப் பிரிகிற மனிதரை உற்றுப் பார்ப்பது அநாகரிகம். திரும்பிய இடத்தில் காடு சத்தமில்லாமல் இருந்தது. சத்தம் எல்லாம் வாசலில் நின்றுவிட்டிருந்தது. அடக்குவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா" என்றார் அவர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்னாலிருந்து மெதுவாக. "உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். புரியுது."

கணவரை இவருக்குத் தெரியும்தானே, முன்பு இவரோடு மதிப்பீட்டுக்கு வந்தவர் ஆயிற்றே என்று அவள் நினைத்தாள்.

"இருக்கு சார். ரெண்டு வருஷமாச்சு. ஆனாலும் அப்பப்ப வந்துடுது."

"விட்டுக் கொடுக்கறதுன்னா லேசா?"

"நான் எங்க சார் விட்டுக் கொடுத்தேன்? என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டாங்க."

அவர் கையிலிருந்த தொப்பி விழுந்தது. "எடுத்துக்கிட்டாங்களா? உங்க சம்மதம் இல்லாமலா?"

"சம்மதம் கேட்டா சார் எடுப்பாங்க? ஒரு நாள் காலைல எழுந்தா, இல்ல. அவ்வளவுதான்."

"அம்மா, இது பெரிய அநியாயம். இப்படின்னா இந்த விற்பனையே நடக்கக் கூடாது. நடக்க விட மாட்டேன். இன்னிக்கே அலுவலகத்துல சொல்லிடறேன்."

கணவர் இரண்டு தடவை வந்து முடியாமல் போனதை, தான் ஒரு சொட்டுக் கண்ணீரில் ஒரேயடியாகக் கெடுத்துவிட்டதாக அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் மனசு மாறிவிட்டது. இனி காடு இல்லை, மனைதான்.

"சார், சார், அது என் வீட்டு விஷயம். அதுக்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க மனசை மாத்திக்காதீங்க."

"பயப்படாதீங்கம்மா. யார் உங்களை மிரட்டினாங்க? அண்ணனா?"

"எனக்கு அண்ணனே கிடையாது சார்."

"அந்த அளவுக்கு ஆயிடுச்சா" என்றார் அவர் கலங்கிப்போய். "கூடப் பிறந்தவனையே இல்லேன்னு சொல்ற அளவுக்கா?"

சொல்லிக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தார். பின்னால் ஓடை இருந்தது.

ஆழம் முழங்கால்தான். ஆனால் அவர் உட்கார்ந்த வாக்கில் விழுந்ததால் கழுத்து வரை போதுமானதாக இருந்தது. அவள் கை கொடுத்தாள். பிடிக்கலாமா கூடாதா என்று தண்ணீரில் உட்கார்ந்தபடி அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

"உதவிதான் சார் இது, அன்பளிப்பு இல்ல."

அவர் பிடித்தார். அவள் இழுத்தாள். அவர் கனத்துக்கு அவளும் உள்ளே போனாள்.

இரண்டு பேரும் தண்ணீரில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு சத்தமாகச் சிரித்த நினைவு அவளுக்கு இல்லை. சிரிப்பு அடங்கியதும் ஓடை போகிற திசையிலேயே நடப்பது என்று முடிவாயிற்று. அவர் கணுக்கால் பிசகியிருந்தது. அவள் தோளைக் கொடுத்தாள். அதைப் பற்றி விதியில் என்ன இருந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள் நடந்துகொண்டே. "விலையைப் பத்திப் பேசல. இந்தக் காடு இப்படியே இருக்கட்டும். அதுக்கு உங்களால என்ன முடியுமோ செய்யுங்க."

"நீங்க மனசாரச் சொல்றீங்களா? யார் கட்டாயமும் இல்லையே?"

"சத்தியமா மனசாரச் சொல்றேன்."

"அது போதும்மா எனக்கு" என்றார் அவர். "அது ஒண்ணு போதும்."

ஓடை ஒரு தார்ச்சாலையில் போய் முட்டியது. அங்கே புதிதாகப் பச்சை வண்ணம் அடித்த பெரிய கதவு ஒன்று அகலத் திறந்து கிடந்தது. வரைபடத்தில் இல்லாத கதவு. பக்கத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகை. உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தமும், நடுநடுவே சிரிப்பும் கேட்டன. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த வனக்காவலர், தோளோடு தோள் சாய்ந்து சொட்டச் சொட்ட வந்த இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"மதிப்புப் போட வந்த ரெண்டு பேரும் நீங்கதானா?" என்றார் ரகசியமாக. "உங்ககூட ஆளுக்கொருத்தரா வர வேண்டிய சொந்தக்கார அண்ணனும் தங்கச்சியும் காலைலேர்ந்து உள்ளதான் இருக்காங்க, உங்க ரெண்டு பேரையும் காணோம்னு சேர்ந்து திட்ட ஆரம்பிச்சதுலதான் பத்து வருஷத்துக்கு அப்புறம் பேச்சே தொடங்கியிருக்கு, அதனால தயவுபண்ணி இன்னும் கொஞ்ச நேரம் காணாமலே போயிட்டு வாங்க."