மோட்டார் போட வேண்டிய தொழிலதிபர்

ராஜபாளையத்தில் மில் வைத்திருக்கும் முதலாளிகள் பலர் உண்டு. மில்லே இல்லாமல் முதலாளியாக வாழ்ந்து காட்டுபவர் எங்கள் எதிர்வீட்டுத் 'தொழிலதிபர்' ஒருவர்தான்.

மலையடிவாரத்தில் குத்தகைக்கு எடுத்த வயல்தான் அவருக்குச் சோறு போட்டது. சொந்தமென்று இருந்தது வீடு ஒன்றே. ஆனால் விவசாயி என்று சொல்லிக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வாசலில் கருங்கல் பலகையில், பெயருக்குக் கீழே 'தொழிலதிபர்' என்று பொறித்திருந்தார். கல்யாண வீட்டு பிளக்ஸில் அந்தப் பட்டம் விட்டுப்போயிருந்தால் மொய் எழுதாமல் திரும்பிவிடுவார்.

காலையில் மொடமொட வெள்ளை வேட்டி சட்டை, கையில் தோல்பை. வயலுக்குப் போனதும் மோட்டார் ரூமில் கைலிக்கு மாறி மண்வெட்டி பிடிப்பார். மாலையில் மறுபடி வெள்ளை வேட்டி, தோல்பைக்குள் கத்திரிக்காய். பகலில் போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேன், பொறவு பேசுதேன்" என்பார். பின்னால் மாடு கத்தும்.

வம்பு அந்தப் பட்டத்தால்தான் வந்தது. மச்சினன் பேண்டேஜ் துணித் தறி போடக் கடன் கேட்ட இடத்தில், பைனான்ஸ்காரர் இவரைப் பார்த்து, "தொழிலதிபர் நீங்க ஜாமீன் போட்டா போதுமே" என்றிருக்கிறார். பேனா சட்டைப்பையில் தயாராக இருந்தது. தறி ஓடவில்லை, மச்சினன் ஓடிவிட்டான். பைனான்ஸ்காரர் வழக்கில் ஜெயித்து, இவர் வீட்டை ஜப்தி செய்ய மனுப் போட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒரு வழி சொன்னார். விவசாயத்தை நம்பிப் பிழைப்பவர் குடியிருக்கும் சொந்த வீட்டை, அடமானம் வைத்திராத பட்சத்தில், இந்த மாதிரிக் கடனுக்கு ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை.

"அண்ணாச்சி, கூண்டுல ஏறி 'நான் விவசாயி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"அம்புட்டு பேரு முன்னாலயா?"

"வீடு போயிரும் அண்ணாச்சி."

தொழிலதிபரின் மனைவி என்னையும் துணைக்கு அழைத்தார். "இவிய வாயத் தொறந்தா வீட்டை எழுதிக் குடுத்துட்டுத்தான் மூடுவாவ. நீங்களும் கூட வாங்க."

விசாரணைக்கும் வெள்ளை வேட்டியில்தான் வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் பெயர்ப்பலகையின் போட்டோவை நீட்டினார். "நீங்க தொழிலதிபர்தான?"

கூண்டில் நெஞ்சு நிமிர்ந்தது. "ஊருக்கே தெரியும்."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். தொழிலதிபரின் மனைவி என் பக்கம் திரும்பி, "சாமானெல்லாம் எங்க கொண்டு போயிப் போட?" என்று கேட்டார்.

அடுத்த கேள்வி வந்தபோது அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. நீதிபதி, "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

"அதில்லைங்கய்யா. மூணு பேஸ் கரண்டு வந்திருக்கும். நெல்லு பால் பிடிக்கிற நேரம். இன்னைக்குத் தண்ணி பாயலேன்னா பதராப் போயிரும். செத்த சீக்கிரம் விட்டா ஓடிப்போயி மோட்டாரைப் போட்டுருவேன்."

"வேற ஆள் இல்லையா?"

"நான்தான்யா மோட்டாரு போடணும், நான்தான் மடை திருப்பணும். ஆள் வைக்கதுக்கு நான் என்ன மில்லா வச்சிருக்கேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கோர்ட் சிரித்தது. நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் போட்டோவை ஓசைப்படாமல் எடுத்து உள்ளே வைத்தார். எங்கள் வக்கீல் இதுதான் சமயமென்று குத்தகை ரசீதுகளை நீட்டினார்.

வீட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வீடு தப்பினாலும் கடன் கடன்தான் என்று, அறுவடைக்கு அறுவடை அவராகவே கட்டி வருகிறார். கருங்கல் பலகையை எடுத்துவிடுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவரோ எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்.

நேற்றும் பகலில் போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன்" என்றார். பின்னால் மாடு கத்தியது.

"ஒண்ணும் அவசரமில்லை முதலாளி, மீட்டிங் முடிச்சிட்டே வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.